நான் பேசினால் முள் ஏறும்

டீயைக் குடித்துவிடுங்கள், தம்பி. ஆறினால் மேலே ஆடை கட்டிவிடும், அதை விரலால் எடுத்து எங்கே போடுவது என்று முழித்துக்கொண்டிருப்பீர்கள். அவர் இப்போதுதான் வாக்கிங் கிளம்பினார். பூங்காவை நாலு சுற்று சுற்றி, தெரிந்த முகங்களிடமெல்லாம் நின்று பேசிவிட்டு வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். நாம் நிதானமாகப் பேசலாம்.

பிளாஸ்டிக் பையில் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அது என்னுடையதுதான். ஒரு குமிழ், கொஞ்சம் ஒயர், இரண்டு பக்கமும் சொருகுகிற முனை. எங்கள் காரின் டேஷ்போர்டைப் பிரித்தபோது கிடைத்தது என்றீர்கள். யார் வைத்தது என்று கேட்கவில்லை. "அம்மா, இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டீர்கள். இருபது வருஷம் எங்கள் காரைப் பார்த்த மெக்கானிக், மரியாதை தெரிந்தவர். அதனால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஞ்சின் ஆயில் தயாரிக்கிற ஃபாக்டரியில், ஆய்வகத்தில், முப்பத்தொரு வருஷம் இருந்தேன். ஒரு கண்ணாடிக் குழாயில் ஆயிலை ஊற்றி, நூறு டிகிரி சூட்டுத் தொட்டியில் இறக்கி, ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு அது இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சை வைத்துப் பார்ப்பேன். ஆயில் ஓடுவதற்கு எவ்வளவு தயங்குகிறது என்று அளப்பதுதான் வேலை. அந்தத் தயக்கத்துக்குப் பாகுநிலை என்று பெயர். நான் கையெழுத்துப் போடாமல் ஒரு பீப்பாய் கேட்டைத் தாண்டாது.

அவருக்கு அலுவலகத்தில் ஃபைல் பார்க்கிற உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகுதான் காரின் மேல் பாசம் பொங்கியது. அந்தக் காலத்து வண்டி. எச்சரிக்கை விளக்கெல்லாம் கிடையாது, ஆயில் பிரஷருக்கு வட்டமாக ஒரு மீட்டர், பூஜ்யத்திலிருந்து ஆறு வரை ஓடுகிற ஒரு முள், அவ்வளவுதான். அந்த முள்ளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். விளக்கெண்ணெயின் பாகுநிலை என்ன என்று கேட்டால் நான் சொல்லியிருப்பேன். கேட்டதில்லை.

மாறாக, எனக்கு விளக்குவார். காரில் ஏறி உட்கார்ந்த உடனே தொடங்கிவிடும். ஆயில் டப்பாவில் டென் டபிள்யூ தர்ட்டி என்று போட்டிருக்கிறதே, அந்த டபிள்யூ என்றால் வெயிட் என்பார். அது குளிர்காலத்தைக் குறிக்கிற எழுத்து, தம்பி. முதல் எண், குளிர்ந்த எஞ்சினில் ஆயில் எவ்வளவு சுறுசுறுப்பாகக் கிளம்பும் என்பது. பின்னால் உள்ள எண், சூடேறிய பிறகு எவ்வளவு பாகு மிச்சமிருக்கும் என்பது. இதை அவர் எனக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தது எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும், எண்ணுவது என் தொழில்.

அதோடு போயிருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க மாட்டேன். மகளின் மாமனார் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். பத்துப் பேர் கூடியிருந்த கூடத்தில் சம்பந்தி என்னைப் பார்த்து, நீங்கள் என்ன வேலையில் இருந்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"இவ ஆயில் கம்பெனி லேப்ல இருந்தா. பாட்டில் கழுவுற வேலை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணாடிக் குழாயை நான் கழுவியதும் உண்மைதான். ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால் கழுவித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் அளவு தப்பும்.

திரும்பி வரும்போது காரில் அந்த நகைச்சுவையை அவரே எனக்கு இன்னொரு முறை சொன்னார், நான் சரியாகக் கேட்டிருக்க மாட்டேனோ என்று. சொல்லிக்கொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. அவர் வாய் பாதியில் நின்றது. ஓரமாக நிறுத்தினார், மூடியைத் திறந்தார், ஆயில் அளவு பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. முள் தானாகவே ஏறியது. பிறகு வீடு வரை பதினொரு கிலோமீட்டர் மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. ஜன்னலுக்கு வெளியே மரங்கள் இருப்பதைக்கூட அன்றைக்குத்தான் கவனித்தேன்.

மறுநாள் உங்கள் ஒர்க்ஷாப்புக்கு வந்தோம். மீட்டருக்குப் பின்னால் ஒரு ஒயர் லூஸாகியிருந்தது, இரண்டே நிமிஷத்தில் சரி செய்தீர்கள். அவர் கைகழுவப் போயிருந்தபோது, நான் கேட்டேன் என்பதற்காக அதை எனக்குக் காட்டவும் செய்தீர்கள். "இந்த ஒயர்ல தடை வந்துச்சுன்னா முள்ளு இறங்கிடும்மா. எஞ்சின் நல்லாத்தான் இருக்கும், முள்ளு மட்டும் பொய் சொல்லும்." பொறுமையாகச் சொன்னீர்கள். என் கேள்வியை மதித்துப் பதில் சொன்னீர்கள். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

ரேடியோ உதிரி விற்கிற கடையில் அந்தக் குமிழை வாங்கினேன். மெல்லத் திருப்பினால் மெல்லத் தடை கூடும். எனக்கு எதிரே இருக்கும் டேஷ்போர்டு அறைக்கு அடியில், வெளியே தெரியாமல் ஒட்டினேன். மீட்டருக்குப் போகிற ஒயரை நடுவில் பிரித்து இரண்டு முனைகளுக்கும் இடையில் சொருகினேன். அவர் மத்தியானம் தூங்குகிற நேரத்தில் அரை மணியில் வேலை முடிந்தது. வண்டியில் போகும்போது கைப்பையை மடியில் வைத்து, அதற்கு அடியில் கையை வைத்துக்கொள்வது என் பழக்கம். யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தக் குமிழால் முள்ளை இறக்கத்தான் முடியும். உண்மைக்கு மேலே ஏற்ற முடியாது. எதையும் நான் மிகைப்படுத்தவில்லை.

முதல் மாதம் ஆயில் பாடத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். அவர் "டபிள்யூன்னா" என்று தொடங்கினால் முள் மூன்றரையிலிருந்து ஒன்றுக்கு இறங்கும். நிறுத்தினால் ஏறும். ஒரு நோட்டில் தேதி, பேச்சின் தலைப்பு, முள் இறங்கிய அளவு, அதன்பின் கிடைத்த அமைதி எத்தனை நிமிஷம் என்று குறித்துவைத்தேன். ஆய்வகப் பழக்கம், விட முடியவில்லை. நாலு வாரத்தில் டபிள்யூ காணாமல் போய்விட்டது. அப்புறம் பாட்டில் நகைச்சுவைக்கு வந்தேன். அது இரண்டே தடவையில் போனது.

ஏன் இப்படி ஆகிறது என்று அவருக்குப் புரியவில்லை, ஆனால் உடம்புக்குப் புரிந்துவிட்டது. காரில் குரலை இறக்கிப் பேச ஆரம்பித்தார். ஹாரன் அடிப்பதையும் விட்டார். முன்னால் போகிறவனைத் திட்டுவது நின்றது. ஒருநாள் ஒரு நாலு முனைச் சந்திப்பில் எந்தப் பக்கம் போகலாம் என்று தயங்கி, என்னைப் பார்த்து, "உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டார். அதுவரை பாதியில் வைத்திருந்த குமிழை நான் முழுக்கத் திறந்துவிட்டேன். முள் ஜம்மென்று ஏறி நின்றது. அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி இருந்தது.

அதற்கு ஒரு வாரம் கழித்து அவரே கண்டுபிடித்தார். "நீ பேசினா ஏறுதுடி," என்றார். குரலில் ஒரு பயபக்தி. "நிறுத்தாத, பேசு."

பேசினேன், தம்பி. முப்பது கிலோமீட்டர் பேசினேன். பிரஷர் என்றால் ஆயில் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தமில்லை, ஓட எதிர்ப்பு இருக்கிறது என்றுதான் அர்த்தம் என்று சொன்னேன். கெட்டியான ஆயிலை ஊற்றினால் மீட்டரில் எண் பெரிதாகத் தெரியும், ஆனால் பேரிங்குக்குப் போய்ச் சேர வேண்டியது நேரத்துக்குச் சேராது என்று சொன்னேன். வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதை ஊற்றுவதுதான் சரி என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். கண் மட்டும் முள்ளின் மேலேயே இருந்தது. நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் அவர் காதில் ஏறவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் குறுக்கே பேசவில்லை. என் அனுபவத்தில் அதுவே பெரிய விஷயம்.

இதற்கிடையில் உங்களிடம் மூன்று தடவை வந்தோம். ஒவ்வொரு தடவையும் கிளம்புவதற்கு முன்னால் குமிழைப் பிடுங்கிவிட்டு ஒயரை நேராகச் சேர்த்துவிடுவேன், அரை நிமிஷம்கூட ஆகாது. நீங்கள் எஞ்சினில் தனி மீட்டர் மாட்டிப் பார்த்தீர்கள், சரியாக இருந்தது. சென்சாரை மாற்றினீர்கள், சரியாக இருந்தது. மூன்றாவது தடவை நீங்கள் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "சார், எஞ்சின்ல ஒண்ணும் இல்ல. ஒரு தடவை கண்ணைக் காமிச்சிட்டு வந்துருங்க." நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பூங்காவில், கடைத்தெருவில், பார்க்கிறவரிடமெல்லாம் உங்களுக்குத் தொழில் மறந்துபோய்விட்டது என்று சொன்னார். அதனால் சில பேர் உங்களிடம் வண்டி விடுவதை நிறுத்தினார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் இன்று எனக்குத் தெரியும். எனக்கு வருத்தம்தான். ஆனால் அவர் உங்களைப் பற்றி வீட்டுக்குள் பேசியதை நான் ஒரு தடவைகூட ஆமோதித்ததில்லை. பேசாமல் இருந்தேன்.

உங்களைத் திட்டினாலும் கண் டாக்டரிடம் போனார். கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுதான் இவரை உடைத்தது. கண் சரி, எஞ்சின் சரி, முள் மட்டும் இறங்குகிறது என்றால் கோளாறு எங்கே இருக்கிறது? அதற்குப் பிறகு எதைப் படிப்பதானாலும் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். மின்சார மீட்டர், மருந்துப் பாட்டில் மேலே இருக்கிற தேதி, எல்லாம். "நீ பாத்துச் சொல்லு, எனக்கு நம்பிக்கை இல்ல," என்பார்.

நாத்தனார் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய தங்கை வீடு மேட்டுத் தெருவில் இருக்கிறது. அங்கே போனால் அண்ணனும் தங்கையும் சேர்ந்துகொண்டு என் சமையலிலிருந்து என் நடை வரைக்கும் திருத்துவார்கள். அந்தத் தெருவுக்குத் திரும்பும்போதெல்லாம் முள் இறங்கியது. மேடு ஏறினால் எஞ்சினுக்கு ஆகவில்லை என்று அவரே முடிவு செய்துகொண்டார். ஏழு மாதமாகப் போகவில்லை. அவள் போனில் அழுதாள். நான்தான் ஆறுதல் சொன்னேன்.

மகளுக்கு இரண்டாவது பிரசவம் ஆனபோதும் அப்படித்தான். அவ்வளவு தூரம் இந்த வண்டியில் வேண்டாம் என்று அவர் பயந்தார். காரை விட்டுவிட்டு ரயிலில் வரவும் அவருக்கு மனசில்லை. நான் மட்டும் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தேன். பேரனைப் போட்டோவில்தான் பார்த்தார். அந்த ஒரு மாதம் நன்றாக இருந்தது, தம்பி. அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

நான் ஊரில் இல்லாதபோதுதான் அவர் ஆயிலில் கைவைத்திருக்கிறார். பிரஷரை ஏற்ற வேண்டுமென்று புத்தகத்தில் போட்டிருப்பதைவிடக் கெட்டியானதை ஊற்றியிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது கார் நிறுத்துகிற இடத்தில் மூன்று காலி டப்பா இருந்தது. பின்னால் உள்ள எண் நாற்பது, அப்புறம் ஐம்பது. அதுவும் போதாமல், தேன் மாதிரி ஒழுகுகிற ஏதோ ஒன்றை வாங்கி மேலே கலந்திருந்தார். கடைசியில் குளிருக்கான எண்ணே இல்லாத வெறும் அறுபது. டப்பாவைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் மிச்சமிருந்தது வாய்க்கு வந்துசேரவே மனசில்லாமல் வந்தது. நூறு டிகிரிக்கு அது என்ன, காலைக் குளிருக்கு அது என்ன என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரியும்.

சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை.

காலையில் வண்டியைக் கிளப்பும்போது எஞ்சினின் தலைப்பகுதியில் டிக் டிக் டிக் என்று சத்தம் வரும், ஆயில் மேலே போய்ச் சேரும் வரைக்கும். நல்ல ஆயிலில் அது ஒரு வினாடி, இரண்டு வினாடி. நான் மனசுக்குள் எண்ணுவேன். ஐந்து, அப்புறம் ஏழு. கடைசி வாரத்தில் பதினொன்று. அத்தனை வினாடியும் உலோகத்தோடு உலோகம் காய்ந்துபோய் உரசுகிறது. அவருக்கோ அந்தச் சத்தம் கேட்கவில்லை. முள் நாலரையில் நிற்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கடைசி நாளைப் பற்றி நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். காலை ஏழு மணி, குளிர். ஊருக்கு வெளியே நேர்சாலை. அவர் என்னைப் பேசச் சொன்னார். நான் இருபத்தாறு வயதில் ஒரு டேங்கர் ஆயிலைத் திருப்பி அனுப்பிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேனேஜர் கையெழுத்துப் போடு என்று மேலே நின்று மிரட்டினார், நான் போடவில்லை. மூன்று தடவை குழாயைக் கழுவி, மூன்று தடவை அளந்தேன். என் அளவு சரியென்று பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து எழுதி அனுப்பினார்கள். இந்தக் கதையை இதுவரை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. யாரும் கடைசி வரை இருந்ததில்லை.

மேனேஜர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த இடத்துக்கு வந்தேன். முள் விழுந்தது.

என் கை கைப்பைக்கு மேலே இருந்தது. குமிழ் முழுக்கத் திறந்திருந்தது. நான் தொடவே இல்லை.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "நான் ஒண்ணும் சொல்லலையே," என்றார். "நான் சும்மாதானே கேட்டுக்கிட்டு வரேன். நீ நிறுத்தாத. பேசு, பேசு."

ஆயில் பம்பை ஓட்டுகிற தண்டு முறிந்திருந்தது, பேரிங் எல்லாம் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது என்று நீங்கள் சொன்னீர்கள். சரிதான். அந்தக் குழம்பைத் தள்ளித் தள்ளி அது முறிந்திருக்கும். நிஜமான பிரஷர் பூஜ்யம் என்று அந்த வண்டியில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்த வினாடியே ஆஃப் பண்ணுங்கள் என்று சொல்லியிருந்தால், ஒரு தண்டை மட்டும் மாற்றி நீங்கள் எஞ்சினைக் காப்பாற்றியிருப்பீர்கள். அவர் உடனே கேட்டிருப்பார். அந்த மாதங்களில் நான் சொல்லி அவர் கேட்காதது எதுவுமில்லை.

கதை முடிய இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.

சொல்லி முடித்தேன். கடிதம் வந்ததையும், மேனேஜர் ஒரு வாரம் என் கண்ணில் படாமல் நடந்ததையும் சொன்னேன். அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். முடித்த பிறகும் கொஞ்ச தூரம் ஓடியது. அப்புறம் உள்ளே ஏதோ கடித்தது மாதிரி ஒரு சத்தம் வந்தது, வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. அவர் அழுதார். முதுகைத் தடவிக்கொடுத்தேன். இழுத்துப் போகிற வண்டி வந்தபோது எங்கே விட வேண்டும் என்று கேட்டார்கள். அவரே உங்கள் ஒர்க்ஷாப் பெயரைச் சொன்னார். அந்த அமளியில் எனக்குக் குமிழைப் பிடுங்க நேரம் கிடைக்கவில்லை. அதனால்தான் இன்று நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இதை அவரிடம் நானே சொல்ல வேண்டும், உங்கள் பெயரைச் சரிசெய்து தர வேண்டும் என்கிறீர்கள். நியாயமான கோரிக்கை. சொல்லத்தான் போகிறேன். அந்தப் பழக்கத்தையெல்லாம் நான் காரோடு விட்டுவிட்டேன், இனிமேல் எனக்கு அது தேவையும் இல்லை. ஆனால் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். கார் போன கவலையில் அவர் இருக்கிறார் என்று மகள் ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறாள். தினம் காலையில் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டு உட்காருவார், நான் பார்த்துச் சொல்வேன். தானாகப் படிக்க அவருக்குத்தான் நம்பிக்கை இல்லையே. மாத்திரை எதுவும் கிடையாது, அந்த அளவுக்கெல்லாம் நான் விடமாட்டேன். உப்பைக் குறைத்திருக்கிறோம், அமைதியாக இருக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது வீட்டுக்குள்ளேயும் மெல்லத்தான் பேசுகிறார்.

இப்படி ஒரு விஷயத்தை இந்த நேரத்தில் அவர் காதில் போட்டால் தாங்குவாரா, நீங்களே சொல்லுங்கள். நேற்றுக் காலை நூற்று எழுபது, தம்பி. மெஷினில் நூற்று முப்பத்திரண்டு என்றுதான் வந்தது, ஆனால் அப்போது அவர் எனக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.